ஒரு பிடி புளியங்கொட்டை, நாற்பது சீட்டு

ஆறாம் வகுப்புக்கோ ஏழாம் வகுப்புக்கோ கணக்கு எடுக்கிறவர் யாராவது இதைப் படித்தால், முதல் வேலையாக அடுக்களைக்குப் போய்ப் புளி உடைத்த கொட்டை கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மிகை எண், குறை எண் சொல்லித்தர அதைவிட உசத்தியான கருவி இல்லை என்று அடித்துச் சொல்வேன். கடையில் விற்கிற இரண்டு நிறப் பிளாஸ்டிக் வில்லைகளையும் பார்த்திருக்கிறேன். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் உள்ளங்கையில் குலுக்கித் தரையில் வீசும்போது புளியங்கொட்டை போடுகிற சத்தம் அதில் வருவதில்லை. பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் வேண்டும்.

செய்முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொட்டையின் ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் தேய்த்தால் மேல்தோல் போய் வெள்ளை தெரியும். மறுபக்கம் பழுப்பாகவே இருக்கும். தாயம் ஆடுகிற வீடுகளில் பாட்டிமார் காலங்காலமாகச் செய்துவைத்த காய் இது. வெள்ளை விழுந்தால் கூட்டல் ஒன்று, பழுப்பு விழுந்தால் கழித்தல் ஒன்று. ஆறு கொட்டையைக் குலுக்கிப் போடுகிறோம். நாலு வெள்ளை, ரெண்டு பழுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளையும் ஒரு பழுப்பும் சேர்ந்தால் பூச்சியம். அப்படி ரெண்டு ஜோடியை ஓரமாகத் தள்ளிவிட்டால் மிச்சம் ரெண்டு வெள்ளை, அதாவது +2. இந்தத் தள்ளுதலுக்கு என் வகுப்புப் பிள்ளைகள் தாயத்திலிருந்தே ஒரு பேரை எடுத்துக்கொண்டார்கள்: ‘வெட்டு’. “ரெண்டு வெட்டு, ரெண்டு மிச்சம், பிளஸ் ரெண்டு!” என்று கத்திக்கொண்டே காயை நகர்த்துவார்கள்.

நாலு பேர் ஒரு வட்டம். நடுவில் சாக்பீஸால் போட்ட எண்கோடு, −10 முதல் +10 வரை. எல்லோரும் பூச்சியத்தில் தொடங்கி, விழுந்ததை இருக்கிற இடத்தோடு கூட்டிக்கொண்டே போக வேண்டும். +10-ஐ முதலில் தொட்டவர் ஜெயித்தார். ஒரே ஒரு சட்டம்தான்: விடையை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் காயை நகர்த்தலாம், தப்பாகச் சொன்னால் ஆட்டம் அடுத்தவருக்குப் போய்விடும். இந்தச் சட்டம் இருந்தால் ஆசிரியர் யாரையும் திருத்தவே வேண்டியதில்லை. எதிரி தப்புச் செய்கிறானா என்று மூன்று ஜோடிக் கண்கள் கழுகாகப் பார்த்துக்கொண்டிருக்கும். “டீச்சர், இவன் போங்கு! மைனஸ் அஞ்சும் மூணும் மைனஸ் எட்டுங்கறான்!” என்று ஒருத்தி எழுந்து நிற்பாள். மைனஸ் ஐந்தோடு மூன்றைக் கூட்டினால் மைனஸ் எட்டு என்பது இந்தப் பாடத்தில் எல்லா வகுப்பிலும், எல்லா வருஷமும் வருகிற தவறு. சிவப்பு மையில் எத்தனை முறை அடித்துக் கொடுத்தாலும் அது போகாது. எதிரியின் வாயிலிருந்து ஒரு முறை வந்தால் போய்விடுகிறது!

இந்த ஆட்டத்துக்குள் ஒரு புதையலும் இருக்கிறது. நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள், அவர்களே தோண்டட்டும். +10-க்குப் பக்கத்தில் வந்து +7-இல் நிற்கிறான் ஒருவன். அவனுக்கு மூன்று விழுந்தால் போதும். மூன்று விழவே விழாது. ஆறு கொட்டையில் 6, 4, 2, 0, −2, −4, −6 மட்டும்தான் விழும். ஒரு கொட்டை வெள்ளையிலிருந்து பழுப்புக்குப் புரண்டால் கூட்டல் ஒன்று போய்க் கழித்தல் ஒன்று வருகிறது. மொத்தத்தில் இரண்டு குறைகிறது. ஆகவே ஆறிலிருந்து இரண்டிரண்டாகத்தான் இறங்க முடியும். (அப்படியானால் +7-க்கு எப்படி வந்தான் என்று கேட்கிறவர்களுக்கு: சில நாள் வேண்டுமென்றே சிலரை +1-இலிருந்து தொடங்கச் சொல்வேன். கொஞ்சம் குறும்பு இல்லாமல் கணக்கு வாத்தியார் வேலை பார்க்க முடியாது.) “ஒரு கொட்டையை எடுத்துடலாமா டீச்சர்?” என்று கேட்டால் சரி என்று சொல்லிவிடுங்கள். ஐந்து கொட்டை போட்டால் ஒற்றைப்படை மட்டும்தான் விழும். பூச்சியம் என்கிற பேச்சே இல்லை. அந்த வயதுப் பிள்ளை இதைக் கண்டுபிடித்துவிட்டுப் பக்கத்து வட்டத்துக்கு ஓடிப்போய்ச் சொல்லும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இன்னும் கெட்டிக்காரப் பிள்ளைகள் இருந்தால் எது அடிக்கடி விழுகிறது என்று கோடு போட்டு எண்ணச் சொல்லலாம். ஆறு கொட்டை 64 விதமாக விழலாம். அதில் 20 விதம் பூச்சியம், +2-க்கும் −2-க்கும் தலா 15, +4-க்கும் −4-க்கும் தலா 6. ஆறும் வெள்ளையாக விழ ஒரே ஒரு வழி, ஆறும் பழுப்பாக விழ ஒரே ஒரு வழி. நிகழ்தகவு மேல்வகுப்புப் பாடம், வாஸ்தவம்தான். ஆனால் ‘பூச்சியமா விழுது, பூச்சியமா விழுது’ என்று தலையில் அடித்துக்கொள்கிற பிள்ளைக்கு அது ஏன் என்று தெரிந்துகொள்கிற உரிமை இப்போதே உண்டு.

சரி, கூட்டல் இப்படி விளையாட்டாக வந்துவிடும். கழித்தல்தான் மலை. மூன்றிலிருந்து மைனஸ் இரண்டைக் கழி என்றால் வகுப்பே விட்டத்தைப் பார்க்கும். ‘மைனஸும் மைனஸும் பிளஸ்’ என்று மனப்பாடம் செய்யவைத்தாலோ, அது பூதமாகக் கிளம்பி மைனஸ் மூன்றோடு மைனஸ் இரண்டைக் கூட்டும்போதும் பிளஸ் ஐந்து என்று வந்து நிற்கும். அந்த மந்திரத்தை முதலில் சொல்லாதீர்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன், சொல்லவே சொல்லாதீர்கள்.

அதற்குப் பதில் இந்த ஆட்டம். அட்டைகள் வேண்டும்; நீல மையில் 1 முதல் 10, சிவப்பு மையில் −1 முதல் −10, ஒவ்வொன்றும் இரண்டு. மொத்தம் 40. ஆளுக்கு மூன்று அட்டை கையில். தரையில் அதே எண்கோடு, ஆனால் −20 முதல் +20 வரை. ஒரு அணிக்கு இலக்கு வலது கோடி, மற்றதற்கு இடது கோடி. ஒருவர் முறை வந்ததும் ஐந்து ரூபாய் நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் ‘கூட்டு’, பூ விழுந்தால் ‘கழி’. நாணயம் சொன்னதை மீற முடியாது. எந்த அட்டையை இறக்குவது என்பது மட்டும் நம் கையில். இறக்கியதும் கட்டிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வலது பக்கம் போக வேண்டியவள் கையில் மூன்றும் நீலம். நல்ல கை என்று பூரித்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள். நாணயத்தில் பூ விழுகிறது. கழித்தே ஆக வேண்டும். எதைக் கழித்தாலும் இடது பக்கம்தான் போகும். எதிரணி கைதட்டுகிறது. அடுத்த சுற்றில் பக்கத்தில் இருப்பவனுக்கும் பூ விழுகிறது. அவன் கையில் ஒரு சிவப்பு −8. “நான் மைனஸ் எட்டக் கழிக்கிறேன்” என்கிறான். எங்கே நகர்த்துவது? ஒரு நிமிஷம் சண்டை. நீலத்தைக் கழித்தால் இடது பக்கம். சிவப்பு நீலத்துக்கு நேர் எதிர். அப்படியானால் சிவப்பைக் கழித்தால்? வலது பக்கம் எட்டு கட்டம் பாய்கிறான்! அன்றிலிருந்து வகுப்பில் சிவப்பு அட்டைக்கு ஏகப்பட்ட கிராக்கி. “டீச்சர், எனக்கு ரெட்டே வரமாட்டேங்குது” என்று ஒரு பிள்ளை சிணுங்குவதைக் கேட்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். குறை எண்ணைக் கேட்டு அழுகிற பிள்ளையை நீங்கள் வேறு எங்கே பார்ப்பீர்கள்?

பாய்ந்தது சரிதானா என்பதைப் புளியங்கொட்டையை வைத்து உடனே ருசுப்படுத்திவிட வேண்டும். ஆட்டத்தின் சூடு ஆறுவதற்குள் செய்ய வேண்டிய வேலை அது. மூன்று வெள்ளையை வையுங்கள். அதிலிருந்து இரண்டு பழுப்பை எடு என்று சொல்லுங்கள். “பழுப்பே இல்லியே டீச்சர்!” இல்லைதான். ஆனால் வெட்டுப்பட்ட ஜோடிக்கு மதிப்புப் பூச்சியம்; எத்தனை ஜோடியை உள்ளே கொண்டுவந்து வைத்தாலும் மூன்று மூன்றாகவே இருக்கும். இரண்டு ஜோடியை உள்ளே வையுங்கள். இப்போது ஐந்து வெள்ளை, இரண்டு பழுப்பு. கேட்ட இரண்டு பழுப்பை எடுத்தாயிற்று. மிச்சம் ஐந்து வெள்ளை. மூன்றிலிருந்து மைனஸ் இரண்டைக் கழித்தால் ஐந்து. கண்ணால் பார்த்தாயிற்று, கையால் எடுத்தாயிற்று. இதற்குமேல் எந்த மந்திரத்துக்கும் வேலையில்லை.

அட்டைக்கு முதலில் நான் நினைத்தது சாதாரணச் சீட்டுக்கட்டுதான். கறுப்பு மிகை, சிவப்பு குறை. ராஜா, ராணி, ஜாக்கியை எடுத்துவிட்டு ஏஸை ஒன்றாக வைத்துக்கொண்டால் சரியாக நாற்பது. வீட்டில் ஆட அதுவே போதும். பள்ளிக்கூடத்தில் நடக்குமா? தலைமையாசிரியர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “என்ன டீச்சர், ரம்மி கிளப்பா?” என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் சாயங்காலம் கேட்டில் நிற்கிற அப்பா அம்மாக்கள் சிரிக்க மாட்டார்கள். நம் ஊரில் சீட்டுக்கட்டு என்றாலே சூதாட்டம்தான் ஞாபகம் வரும், அதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. ஆகவே கல்யாணப் பத்திரிகைக்கு மாறினோம். முகூர்த்த மாதம் முடிந்ததும் வீட்டுக்கு வீடு ஒரு கட்டு பத்திரிகை கிடக்கும். நல்ல கனமான அட்டை, பின்பக்கம் வெறுமை. கத்திரிக்கோலும் ஸ்கெட்ச் பேனாவும் இருந்தால் ஒரு பீரியடில் ஐந்து கட்டு தயார். முன்பக்கத்தில் பிள்ளையார் படமும் ‘சுற்றமும் நட்பும் சூழ’வும், பின்பக்கத்தில் மைனஸ் ஒன்பதும். இதைவிட மங்களகரமான குறை எண் கிடையாது.

இந்த அட்டையில் மிகச் சின்னப் பிள்ளைகளும் ஆடக்கூடிய ஆட்டம் ‘பெரியது எது’. இருவர் ஆளுக்கொரு அட்டையைத் திருப்ப, பெரிய எண் வைத்திருப்பவர் இரண்டையும் அள்ளிக்கொள்ள வேண்டும். −9 வைத்திருப்பவன் −2-ஐப் பார்த்துவிட்டு அள்ளப் போவான். “ஒன்பது ரூபா கடன் வச்சிருக்கறவன் பெரிய ஆளா, ரெண்டு ரூபா கடன் வச்சிருக்கறவன் பெரிய ஆளா?” என்று ஒருத்தி கேட்டாள். அதற்குப் பிறகு அந்த வட்டத்தில் அந்தச் சந்தேகம் எழவில்லை.

இப்போது என் செல்ல ஆட்டத்துக்கு வருகிறேன். இது ஆட்டம்கூட இல்லை, வித்தை. நாற்பது அட்டையையும் கலைத்துக் கொடுத்துவிட்டு நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒருவர் ஒரே ஒரு அட்டையை உருவி, யாருக்கும் காட்டாமல் புத்தகத்துக்குள் ஒளித்துவைக்க வேண்டும். மிச்சம் முப்பத்தொன்பதையும் வகுப்பே பங்குபோட்டுக்கொண்டு கூட்ட வேண்டும். ஆரம்பத்தில் ஒவ்வொன்றாகக் கூட்டி மூச்சு வாங்குவார்கள். கொஞ்ச நேரத்தில் நீல ஏழையும் சிவப்பு ஏழையும் ஜோடி சேர்த்துக் கீழே போடத் தொடங்கிவிடுவார்கள். வெட்டுதான் முன்பே தெரியுமே. கடைசியில் “பிளஸ் ஏழு டீச்சர்” என்பார்கள். நான் திரும்பாமலே, “ஒளிச்சு வச்சது சிவப்பு ஏழு” என்பேன். புத்தகத்தைத் திறந்தால் −7. வகுப்பு ஆடிப்போய்விடும். எத்தனை வருஷம் செய்தாலும் அந்த ‘ஓ’ என்கிற இரைச்சலில் எனக்கு அலுப்பே வருவதில்லை.

ரகசியம் என்னவென்று அவர்களே பிடித்துவிடுவார்கள். நாற்பதையும் கூட்டினால் பூச்சியம். நீலம் எல்லாம் 110, சிவப்பு எல்லாம் −110. ஒன்று காணாமல் போனால் அதன் எதிரெண் மிஞ்சும். ஆனால் இதற்குள் அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று ஒளிந்திருக்கிறது. பூச்சியமாக இருந்த கட்டிலிருந்து மைனஸ் ஏழை எடுத்தார்கள், மிஞ்சியது பிளஸ் ஏழு. 0 − (−7) = 7. எந்த விதியைச் சொல்லாதீர்கள் என்று கும்பிட்டேனோ அது தானாக நடந்து வந்து மேஜைமேல் உட்கார்ந்துகொள்கிறது!

இதையே பிரம்மகுப்தர் பொ.ஆ. 628-இல் எழுதிவைத்துவிட்டார். இன்றைய ராஜஸ்தானின் பின்மாலில் வாழ்ந்தவர். பிரம்மஸ்புட சித்தாந்தம் என்ற நூலில் மிகை எண்ணைச் சொத்தாகவும் குறை எண்ணைக் கடனாகவும் வைத்து விதிகள் சொல்கிறார். பூச்சியத்திலிருந்து கடனைக் கழித்தால் சொத்து என்பது அவற்றில் ஒன்று. அவருக்கும் முன்னால், 263-இல், சீனத்து லியூ ஹூய் ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற கணித நூலுக்கு உரை எழுதும்போது மிகைக்குச் சிவப்புக் குச்சி, குறைக்குக் கறுப்புக் குச்சி என்று குறிக்கிறார். எங்கள் அட்டைக்கு அப்படியே தலைகீழ். இதைச் சொன்னதும் ஒரு வட்டம் அன்றைக்கு முழுக்கச் ‘சைனா ரூல்’ ஆடியது, சிவப்பெல்லாம் பிளஸ். குழம்பிப்போவார்கள் என்று நினைத்தேன். இரண்டு சுற்றில் பழகிவிட்டார்கள். நிறம் ஒரு பேச்சுக்குத்தான் என்பது அதிலேயே விளங்கிவிட்டது.

பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் கஷ்டமாக இருக்கிறதே என்று சலித்துக்கொள்ளும் சக ஆசிரியர்களுக்கு இன்னொரு சங்கதி. இங்கிலாந்தில் பிரான்சிஸ் மசேரெஸ் என்று ஒரு வழக்கறிஞர், கணிதமும் நன்றாகத் தெரிந்தவர். 1758-இல் ஒரு புத்தகமே போட்டார், இந்தக் குறை எண்களை இயற்கணிதத்தில் விடக்கூடாது, அவை விஷயத்தைக் குழப்பத்தான் செய்யும் என்று வாதாடி. பிரம்மகுப்தருக்கு ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து! அப்படிப்பட்டவரே ஒத்துக்கொள்ளாததைப் பதினொரு வயதுப் பிள்ளை ஒரே பீரியடில் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? கொட்டையைக் குலுக்கட்டும், நேரம் கொடுங்கள்.

எல்லா ஆட்டமும் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். வெப்பமானியை வைத்து ஆடுவது எங்கள் வேலூர்ப் பக்கத்தில் செல்லுபடியாகாது. நாற்பது டிகிரி என்றால் என்னவென்று என் பிள்ளைகளுக்குத் தோலில் தெரியும். பூச்சியத்துக்குக் கீழே என்பது அவர்களுக்கு ஐஸ் பெட்டிக்குள் மட்டும் நடக்கிற சமாச்சாரம். கேரம் அப்படியில்லை. ஸ்டிரைக்கர் குழிக்குள் விழுந்தால் எடுத்த காயில் ஒன்றைத் திரும்ப வைக்க வேண்டும், காயே எடுக்காதவன் என்றால் அது கடனாக நிற்கும் என்பது தெருவில் ஆடுகிற எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். பூச்சியத்துக்குக் கீழே ஒரு நிலை உண்டு என்பதை அங்கேயே கற்றுக்கொண்டுதான் வகுப்புக்கு வருகிறார்கள். இரண்டு பகடையை வைத்து ஆடுகிற கயிறிழுப்பும் நன்றாகப் போகும்: நீலப் பகடையில் விழுந்தது வலப்பக்கம், சிவப்பில் விழுந்தது இடப்பக்கம், நடுவில் ஒரே காய். ஆனால் கோட்டைப் பன்னிரண்டு வரை இழுத்துவிட்டால் மணியடித்த பிறகும் முடியாது. ஆறு போதும்.

பெருக்கலுக்கு வந்தால் கடன் கதை நொண்டியடிக்கத் தொடங்கிவிடும். கடனைக் கடனால் பெருக்குவதாவது! அங்கே எனக்குக் கைகொடுத்தது செல்போன். வராந்தாத் தரையில் வரிசையாகக் கட்டங்கள். ஒரு பையன் ஒரு நொடிக்கு இரண்டு கட்டம் என்று பின்னோக்கி நடக்கிறான். அதை என் செல்போனில் வீடியோ எடுத்துத் தலைகீழாக, முடிவிலிருந்து தொடக்கத்துக்கு ஓட்டிக் காட்டுகிறேன். திரையில் அவன் முன்னோக்கி நடக்கிறான்! பின்னோக்கி நடப்பது −2, படத்தைப் பின்னால் ஓட்டும் மூன்று நொடி −3, அவன் போனது +6. வகுப்பே தன்னை வீடியோ எடுக்கச் சொல்லி வரிசையில் நிற்கும். உண்மையைச் சொன்னால், சந்தோஷம் இதில் இருக்கிற அளவுக்குப் பயிற்சி இதில் இல்லை. 3 × −2, 2 × −2, 1 × −2 என்று எழுதிக்கொண்டே போய்ப் பூச்சியத்தைத் தாண்டினால் என்ன வரும் என்று கேட்பதுதான் பெருக்கலுக்கு நல்ல வழி. வீடியோ அதற்கு முன்னால் வாயைப் பிளக்கவைக்க.

ஒரு காரியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆடி முடித்த பிறகு கடைசிப் பத்து நிமிஷம் நோட்டைத் திறக்கவையுங்கள். தான் ஆடிய ஆட்டத்தைத் தானே குறித்துவைக்கட்டும்: (+4) + (−6) = −2, (−2) − (−8) = +6. அடைப்புக்குறியோடு, குறிகளோடு. ‘பழுப்பு, வெள்ளை, வெட்டு’ என்று வாயில் புரள்வது பரீட்சைத் தாளில் மைனஸாகவும் பிளஸாகவும் வர இந்தப் பத்து நிமிஷம்தான் வழி. இதைச் செய்யாத வகுப்பில் பிள்ளைகள் தாயத்தில் கெட்டிக்காரர்களாகி, கணக்கில் பழையபடியே இருப்பார்கள்.

சத்தம் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் முறைப்பார். அவரையும் கூப்பிட்டு நாற்பது அட்டை வித்தையைக் காட்டிவிடுங்கள், அடுத்த வாரம் அவரே கட்டு கேட்டு வருவார். ஆசிரியர் அல்லாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டில் குவிந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடாதீர்கள். பக்கத்தில் இருக்கிற நடுநிலைப் பள்ளியின் கணக்கு ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். கூடவே ஒரு பிடி புளியங்கொட்டையும்.